இன்னும் இல்லீங்க ஐயா

முதுகு என்னவோ லதுஷாவுடையதுதான். ஆனால் அதைப் பற்றிப் பேச ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் உரிமை இருந்தது. "புத்தகப் பையை ஒரே தோள்ல மாட்டுனா இப்படித்தான் ஆகும்" என்றாள் அடுத்த காம்பரா வீட்டுப் பவளம். பவளத்தின் புருஷனுக்கு மொனராகலையில் ஒரு எலும்பு வைத்தியரைத் தெரியுமாம், எண்ணெய் போட்டு நாலு இழுப்பு இழுத்தால் கம்பு மாதிரி நிமிர்ந்துவிடுமாம். கோயில் பூசாரி தன் பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். டாக்டர் சொன்னது வேறு. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, பை தூக்கியதாலும் இல்லை, குனிந்து படித்ததாலும் இல்லை, சில பிள்ளைகளுக்கு வளர்கிற வயதில் இப்படி ஆவதுண்டு, அவ்வளவுதான். இதை ஒவ்வொருத்தருக்கும் உட்கார்ந்து விளக்கிக்கொண்டா இருக்க முடியும்? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அடுத்தது அந்தப் பெல்ட்டு. ஆஸ்பத்திரியில் அதற்குப் பிரேஸ் என்று பேர், லயத்தில் பெல்ட்டு. பேருக்குத்தான் பெல்ட்டு, அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை கட்டிப் பிளாஸ்டிக். உள்ளே ஒரு பனியன், மேலே அந்தப் பிளாஸ்டிக், அதற்கு மேலே பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும். வெயில் காலத்தில் வேர்த்து இடுப்பில் தோல் உரியும், சோறு ரெண்டு கவளத்துக்கு மேல் இறங்காது. வகுப்பில் எவனோ ஒருத்தன் "தகரம்" என்று பேர் வைத்துவிட்டான், வைத்தவன் நல்லாயிருக்க மாட்டான். இவ்வளவு இருந்தும் லதுஷா அதைக் கழற்றி எறியவில்லை. வளைவு கூடினால் கொழும்புக்கு அனுப்பி முதுகைக் கீறி, எலும்பில் கம்பி வைத்து இறுக்குவார்கள் என்று முதல் கிளினிக்கிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தக் கத்திக்குப் பயந்துதான் இரண்டு வருசமாக அந்தப் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டினாள்.

சரி, அதோடு போயிற்றா? இல்லை. இதற்குள் அம்மா குணமணி ஒரு கூத்து பண்ணி வைத்திருந்தாள்.

லதுஷா வயசுக்கு வந்து இரண்டு வருசம் ஆகப்போகிறது. அது ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அப்பா கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை, அவருக்கும் தெரியாது. அன்றைக்கு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் விட்டாள். "மாமா கட்டார்ல இருந்து வரட்டும். தாய்மாமன் இல்லாம சடங்கு வச்சா நல்லாவா இருக்கும்? அதுவரைக்கும் வாயைத் திறக்காத." சேந்தன் மாமா இந்தப் பொங்கலுக்கு வருகிறேன், அந்தத் தீபாவளிக்கு வருகிறேன் என்று இழுத்துக்கொண்டே போனார். லயத்தில் இருமினால் ஏழாவது காம்பராவுக்குக் கேட்கும், அப்படிப்பட்ட இடத்தில் மாசாமாசம் இதை மறைப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? துணியை அடுப்புக்குப் பின்னால் காயப்போட்டு, கோயில் திருவிழா வந்தால் காய்ச்சல் என்று படுக்க வைத்து, அம்மாவும் மகளும் பட்ட பாடு சொல்லி மாளாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். பிள்ளை வயசுக்கு வந்தாச்சா? அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்லுவாள்: "இன்னும் இல்லீங்க ஐயா." லதுஷா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அன்று கிளினிக்கில் புது டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், குமாரசிங்கம் என்று பேர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு லதுஷாவைக் குனியச் சொல்லி முதுகைப் பார்த்தார். மறுபடி எக்ஸ்ரே.

"பிள்ளை பெரியபிள்ளை ஆகிட்டாவோ அம்மா?"

"இன்னும் இல்லீங்க ஐயா."

"பதினைஞ்சு முடியப்போகுதெல்லோ?"

"ஆமாங்க. இன்னும் இல்லீங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு இது விளங்கேல்லை அம்மா. இந்த இடுப்பெலும்பைப் பார்த்தால் வளர்ச்சி முடியப்போற மாதிரி இருக்கு. நீங்கள் இன்னும் ஆகேல்லை எண்டு சொல்லுறீங்கள். அப்ப வேற ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு பார்க்கோணும். கண்டியில ஹோர்மோன் கிளினிக்குக்கு எழுதித் தாறன். இரத்தம் சோதிக்கோணும், ஸ்கான் எடுக்கோணும்."

"சரிங்க ஐயா" என்றாள் குணமணி.

சரிங்களா? லதுஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத நோய்க்குக் கண்டியா? அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல பிள்ளை மாதிரி.

"மற்றது, வளைவு நாற்பது டிகிரியைத் தாண்டிட்டுது. நீங்கள் சொல்லுறபடி இனித்தான் வளரப்போற பிள்ளை எண்டால் இது நிண்டுபோகாது, இன்னும் கூடும். அப்பிடியெண்டால் பிரேஸை நம்பி இருக்கேலாது. கொழும்புக்கு ஆபரேஷனுக்கு எழுதத்தான் வேணும்."

"எழுதிருங்க ஐயா. பண்ணிருங்க."

இவளா சொல்கிறாள்! ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற பொம்பளை, கோழி அறுத்தால் வீட்டுக்குப் பின்னால் போய் நிற்கிற பொம்பளை, பெற்ற மகளின் முதுகைக் கீறுவதற்கு மட்டும் இவ்வளவு அவசரமா? டாக்டர் பேனாவை எடுத்தார்.

"அப்ப வளர்ச்சி முடிஞ்சிருந்தா, சார்?"

அறையில் அவள் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் நிமிர்ந்தார்.

"முடியப்போற பிள்ளை எண்டால் அவசரமில்லை. பொறுத்துப் பார்க்கலாம். பிரேஸையும் மெல்ல மெல்லக் குறைக்கலாம். ஏன் கேக்கிறீர்?"

"ஏய், சும்மா இரு" என்று அம்மா முழங்கையால் இடித்தாள். அது பிளாஸ்டிக்கில் பட்டு டொக்கென்று சத்தம் வந்தது.

மாரியம்மன் கண்ணைக் குத்தினால் குத்தட்டும். "நான் வயசுக்கு வந்துட்டேன் சார். ரெண்டு வருசம் ஆகப்போகுது. இவங்க பொய் சொல்றாங்க. ஒவ்வொரு தடவையும் பொய்தான் சொன்னாங்க."

கதவுப் பக்கம் நின்ற நேர்ஸ் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் குமாரசிங்கம் பேனாவை மூடி மேசையில் வைத்தார். அவருக்குக் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, "உண்மையோ அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

குணமணி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ஏனம்மா? நான் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் ஆபரேஷன் மேசையில கிடத்தியிருப்பனே!"

"தாய்மாமன் வரலைன்னுதான் சார்" என்றாள் லதுஷா, எரிச்சலோடு. "அவரு கட்டார்ல இருக்காரு. வருவாரு, வருவாருன்னு..."

"அவன் ரெண்டு தடவை லீவு எடுத்துட்டு வர்றேன்னான்" என்றாள் குணமணி. "நான்தான் வேணாம்னேன்."

லதுஷா திரும்பினாள். "என்னது?"

"வந்தா சடங்கு வைக்கணும். வச்சா தண்ணி ஊத்தணும். உங்க அத்தைமாரு, பெரியம்மாமாரு எல்லாம் சுத்தி நின்னு ஊத்துவாங்க. அந்த ஈரச்சீலை அப்படியே முதுகோட ஒட்டும்டி. பெல்ட்டு இருக்காது, ஒண்ணும் இருக்காது. எல்லாம் தெரியும். லயத்துல வாயால பேசுறது வேற, கண்ணால பாக்குறது வேற. அத்தனை பேரும் பாப்பாங்க, பார்த்துட்டு ஊரெல்லாம் போய்ச் சொல்லுவாங்க. நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்?" அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "நிமிர்த்திட்டு ஊத்தலாம்னு இருந்தேன். முதல்ல பெல்ட்டுல நிமிரும்னு பார்த்தேன். நிமிரல. ஆப்பரேசன் பண்ணா நிமிருமாமே."

அடக் கடவுளே. இதற்கா? லதுஷாவுக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. முதுகு நிமிர்ந்த பிறகுதான் வயசுக்கு வந்ததைச் சொல்வாளாம், அதைச் சொல்லாமல் டாக்டர் முதுகுக்கு என்ன செய்வதென்று எப்படி முடிவெடுப்பார்? இந்தச் செக்குமாட்டுச் சுற்றில் இரண்டு வருசம் ஓடியிருக்கிறது. மேலும் ஒரு நிமிசம் வாயை மூடிக்கொண்டிருந்தால் கொழும்பில் போய்க் குப்புறப் படுத்திருப்பாள்.

"ஒரு சடங்குக்காக என் முதுகை அறுக்கச் சொல்லுவியாம்மா நீ?"

குணமணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம்தான் கூட.

டாக்டர் நாற்காலியை லதுஷாவின் பக்கம் திருப்பினார். "பிள்ளை, நீர் இஞ்ச பாரும். ஆபரேஷன் கூடாது எண்டு நான் சொல்லேல்லை. செய்து நல்லா இருக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். பிறகு வளைவு கூடினால் உமக்கும் அது தேவைப்படலாம். ஆனால் இப்ப செய்யோணும் எண்டு கட்டாயமில்லை. செய்யாமல் விட்டால் முதுகு இப்பிடியேதான் இருக்கும், நேராகாது. நீர் என்ன சொல்லுறீர்?"

இந்த முதுகு வளையத் தொடங்கின நாளிலிருந்து அந்தக் கேள்வியை அவளிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. பூசாரிகூடக் கேட்கவில்லை.

"இப்போ வேணாம் சார். எக்ஸ்ரே படம் எடுக்க வரச் சொல்ற நேரமெல்லாம் வர்றேன். கூடிச்சுன்னா அப்போ யோசிக்கலாம். நேராகாட்டி இருக்கட்டும்."

"சரி. முதுகு நோவு, சுவாசம், எல்லாம் பார்ப்பம். இனிக் கேக்கிற கேள்விக்கு நீரே மறுமொழி சொல்லும்."

வெளியே வந்து இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். ஸ்பிரிங்வெளி பஸ் இன்னும் வரவில்லை. குணமணி மூக்கைச் சிந்திவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். "நடந்தது நடந்துருச்சு. ஆஸ்பத்திரியோட இருக்கட்டும். லயத்துல யாருக்கிட்டயும்..."

இன்னுமா! லதுஷா அம்மாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். ஹல்துமுல்லை அத்தைக்குப் போட்டாள். அப்பாவுக்கு மூத்தவள், குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதுக்கும் முதல் ஆள், அம்மா இத்தனை நாள் நடுங்கிச் செத்ததே முக்கியமாக இந்த ஒருத்திக்குத்தான்.

"அத்தை, நான் வயசுக்கு வந்துட்டேன்."

"அடி என் ராசாத்தி! எப்போடி?"

"ரெண்டு வருசம் ஆகப்போகுது."

அந்தப் பக்கமிருந்து காது கிழிகிற மாதிரிச் சத்தம் வந்தது. "ரெண்டு வருசமா? அத்தைக்காரி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில எனக்குத் தெரியாம எவடி உனக்குத் தண்ணி ஊத்துனது?"

"யாரும் ஊத்தல அத்தை. என் முதுகு வளைஞ்சிருக்கு. ஊத்துறப்போ எல்லாரும் பாப்பாங்கன்னு அம்மா..."

"அடி போடி இவளே! அதைத்தான் போன பொங்கலுக்கு வந்தப்பவே பார்த்தேனே. ஒரு தோளு மேல, ஒரு தோளு கீழ. உங்க பெரியம்மாளும் பார்த்தா. அதுக்கும் இதுக்கும் என்னடி? நாளைக் குறிக்கச் சொல்லு. முதல் குடம் நான்தான். பெரியம்மா முந்திக்கிட்டா அப்புறம் நான் பொல்லாதவளாயிருவேன்."

குணமணி பக்கத்தில் நெருங்கி வந்தாள். "மதினி என்ன சொல்றாங்க? முதுகைப் பத்திக் கேட்டாங்களா?"

"முதுகெல்லாம் போன பொங்கலுக்கே பார்த்தாச்சாம். முதல் குடம் யாரு ஊத்துறதுன்னுதான் சண்டை."

குணமணி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். லதுஷாவுக்குச் சிரிப்பு வரும் போலத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் அழுகை வந்தது. பெல்ட்டுக்குள் மூச்சு முட்ட, நடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஓவென்று அழுதாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.