சூட்டில் நின்றுபோகும் வண்டி

வாடகைக் கார் ஓட்டியவனின் மனைவிக்கு, அந்தக் காரின் இன்ஜின் தானாக நின்றபோதெல்லாம் மூச்சு நின்றது. சாவியைத் திருப்பி அணைத்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. சூடேறி, ஓடும்போதே பொசுக்கென்று நின்றால் மட்டும்தான். அவன் எங்கோ சிக்னலில் பின்னால் வருபவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பான். இவள் சமையலறையில் கையில் கத்தியும் வாயில் பாதி வார்த்தையுமாக அப்படியே நிற்பாள். இன்ஜின் ஆறி மறுபடி ஸ்டார்ட் ஆனதும் மீதி வார்த்தையைச் சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்குவாள். ஆரம்பத்தில் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, போகப்போக கத்தியை மட்டும் வாங்கி வைத்துவிட்டு போனில் சொல்லப் பழகிக்கொண்டாள்.

"தம்பி, உங்க வீட்டுல நின்னுட்டாங்க."

"தெரியும்க்கா. தண்ணிதான் ஊத்திக்கிட்டிருக்கேன்."

டாக்டரிடம் போனால் அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் வண்டி சமர்த்தாக ஓடியது. பிளக் மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். பம்ப் மாற்றிய வாரம் அவளுக்கு அகோரப் பசி எடுத்தது, அவ்வளவுதான். நாள்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்தால் அவள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டாள். விற்றுவிடச் சொன்னவர்களிடம், வேறொருத்தன் கையில் நின்றால் யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டான்.

கடைசியில் எக்ஸ்பிரஸ் என்ற மெக்கானிக்கிடம் போனார்கள். ஒரு நட்டைக் கழற்ற அரைப்பொழுது எடுத்துக்கொள்வார் என்பதால் வந்த பெயர் அது. "நின்னு கிடக்கும்போது பாக்கணும்ப்பா. ஆறினப்புறம் பாத்தா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்" என்றார். பார்க்கத்தான் விடவில்லை அவன். இன்ஜின் நின்ற நொடியே குடத்தோடு பாய்ந்து தண்ணீரைக் கவிழ்த்துவிடுவான். இன்ஜின் ஆறிவிடும், பழுதும் ஓடி ஒளிந்துகொள்ளும். எக்ஸ்பிரஸ் கத்திப் பார்த்தார், கையைக் கட்டிப்போடுவேன் என்று மிரட்டியும் பார்த்தார். பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பழுதை அத்தனை மாதம் அடைகாத்து வைத்திருந்ததும் அதே பாசம்தான். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பிவர முன்பைவிட நேரமாகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவளே அவனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய ஓட விடுங்கண்ணே. நின்னா நிக்கட்டும். என்னன்னு பாத்து மாத்தி முடிக்கிற வரைக்கும் ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க."

"தாங்குவியாம்மா?"

"தெனம் தெனம் சாகறதுக்கு இது தேவலைண்ணே."

இன்ஜின் சூடேறி நின்றது. அவளும் நின்றாள். எக்ஸ்பிரஸ் பார்த்தார்: பெட்ரோல் வருகிறது, பிளக்கில் நெருப்புப் பொறி இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். பொறி எப்போது விழ வேண்டும் என்று சொல்லும் கட்டைவிரல் அளவு சென்சார் ஊமையாகிக் கிடந்தது. சூட்டில் அதற்குள் இருந்த கம்பி விட்டுப்போய், ஆறினால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றிப் புதிதை மாட்டினார். வாழ்நாளில் அவர் கை அத்தனை வேகமாக ஓடியதில்லை. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சட்டென்று பிடித்துக்கொண்டது. அவள் எழவில்லை.

அவன் டீயோடு வந்தான். இன்ஜின் சத்தம் கேட்டு முகமெல்லாம் சிரிப்பு. "சரியாயிடுச்சாண்ணே?" என்றான். எக்ஸ்பிரஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவளை அதே சீட்டில் வைத்துத்தான் வீட்டுக்கு ஓட்டிவந்தான். வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்தான், இன்ஜின் அணையவில்லை. அடக்கம் முடிந்து வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றினார்கள். பெட்ரோலும் வற்றியது. அது ஓடிக்கொண்டே இருந்தது. வருஷங்கள் போயின. எக்ஸ்பிரஸ் மாதாமாதம் வந்து ஆயில் ஊற்றிவிட்டுப் போகிறார். அவன் முன் சீட்டில்தான் தூங்குகிறான். தெருக்காரர்களுக்குப் பழகிப்போய் அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை.

போன வாரம் தெருவுக்குப் புதிதாக வந்த பழைய இரும்புக்காரன் வண்டியைக் கேட்டான்.

"ஓடிக்கிட்டிருக்குதுல்ல? ஓடும்போது எப்படிய்யா குடுக்கிறது?" என்றான் அவன்.

பழைய இரும்புக்காரன் பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது. சரிதான் என்று தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.