கந்தம்மாள் வாசலில் முறியும் ஆக்சில்

சடையனின் பழைய வெள்ளைக் காரில் ஆக்சில் முறிவதென்றால் எடப்பாடியில் கந்தம்மாள் வீட்டு வாசலில் மட்டும்தான் முறியும். மலை ஏற்றத்தில் முறியாது. குண்டும் குழியுமான ஏரிக்கரையிலும் முறியாது. ஒருமுறை காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சக்கரம் சுற்றாமலே, அந்த வாசலைக் கடக்கையில் மேலே படீரென்று சத்தம் கேட்டது. தறிக்காரர்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

கந்தம்மாள் சடையனின் அக்கா. மகள் தேவிப்ரியா பெரியவளான சீரில், தாய்மாமன் சடையனின் சீர்த்தட்டை வாங்குவதற்கு முன்னால் பங்காளியின் தட்டை வாங்கிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. ஆக்சில் முறியும்போதெல்லாம் சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். அக்கா மோர் கொண்டுவந்து மெக்கானிக் தமீமுக்கு மட்டும் கொடுப்பாள். இப்போது தேவிப்ரியாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணவறையில் எப்படி உட்கார வைப்பது என்று தமீமிடம்தான் கேட்டாள்.

பள்ளிபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் தமீமுக்கோ இதில் போனது பெயர். "பாய் போட்ட ஆக்சிலா?" என்று ஊரே சிரித்தது. வெல்டிங் வைத்துப் பார்த்தார், புதிதாக வாங்கிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் போர் போடும் ரிக் லாரியின் பழைய ஷாஃப்டை லேத்தில் கடைந்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி மாட்டினார். அது முறியவில்லை. கார் அந்த வாசலைத் தாண்டிப் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் சடையன் பட்டறையில் வந்து நின்றார்.

"ஏனுங்க பாய், இத்தன கெட்டியா ஆரு போடச் சொன்னாங்க? பழசையே மாட்டுங்க."

தமீமுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஏனுங்ணா, எறங்கி நடந்து அக்கா ஊட்டுக்குள்ள போனா ஆவாதுங்களா?"

"அப்ப நானாப் போனதா ஆயிருமில்லீங்க. வண்டி நின்னு போச்சுன்னா வேற வழியில்ல பாருங்க."

இந்த மனுஷனோடு மாரடிப்பதற்கு மாடு மேய்க்கப் போகலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே, முறிந்து கிடந்ததை ஒட்டவைத்து மாட்டினார் தமீம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சீர்த்தட்டுகளோடு போன கார் அந்த வாசலில் படீரென்று நின்றது. "வண்டி இனிப் போவாதாட்டருக்குது," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே சடையன் தட்டோடு இறங்கினார். கந்தம்மாள் பங்காளிகளின் தட்டுகளையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு ஓடிவந்து அதை முதலில் வாங்கினாள். "சாமி, உள்ள வா," என்றாள். இருவரும் அழுதார்கள்.

இன்றும் மாதம் தவறாமல் முறிகிறது. சத்தம் கேட்டதும் கந்தம்மாள் உலையில் அரிசி கூடப் போடுகிறாள். தமீமுக்குப் போன் வருகிறது. அக்காவும் தம்பியும் பேசி முடிக்கட்டுமென்று அவர் வெயில் தாழ்ந்த பிறகே கிளம்புகிறார்.