மசிக்காவின் தலைமுடி

கேட்காமல் யார் தொட்டாலும் மசிக்காவின் தலைமுடி ஒரு சாண் வளரும். ஆபிரிக்காவின் சயீர் நாட்டிலிருந்து சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனுக்கு வந்து எட்டாம் வகுப்பில் சேர்ந்த அந்தக் கறுப்புப் பிள்ளைக்கு, எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இது தொடங்கியது. ஊரில் தொடாத கை இல்லை. பேக்கரிக்காரி ரொட்டி கொடுத்த கையோடு தொட்டாள். பஸ்ஸில் பின்னால் இருந்தவன் தொட்டான். ஆசிரியர் "பஞ்சு மாதிரி" என்று சிரித்துக்கொண்டே தொட்டார். நாய்க்குட்டியைத் தடவுவதற்குக்கூட உடையவனைக் கேட்கிற நாடு அது. கார்த்திகைக்குள் முடி வகுப்பறைக் கூரையை முட்டியது. பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை தெரியவில்லையாம். தை மாதத்துக்குள் வெட்டாவிட்டால் வகுப்பில் இடமில்லை என்று, தொட்ட அதே ஆட்கள் சொன்னார்கள். மசிக்கா வெட்டமாட்டேன் என்றாள்.

அவளுடைய ஒரே சிநேகிதி யசோதரா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மகள் கறுப்பு என்ற கவலையில் தாய் சிவமலர் தினமும் அவள் முகத்தில் பவுடரை அப்பித்தான் பள்ளிக்கு அனுப்புவாள். வெயிலே இல்லாத ஊரில் வெயிலுக்குள் போகாதே என்பாள். ஊரிலிருந்து கொண்டுவந்த இந்த வருத்தத்துக்கு மட்டும் எங்கள் ஆட்கள் விசா எடுக்கவேண்டி இருக்கவில்லை. மசிக்கா வீட்டுக்கு வந்த அன்று சிவமலருக்கு மனம் பொறுக்கவில்லை. "பாவம் பிள்ளை, எண்ணெய் வைச்சு இழுத்துப் பின்னினால் அடங்கும்" என்று தேங்காய் எண்ணெயை அள்ளி உச்சியில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க முடி வளர்ந்து ஜன்னலை உடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தண்டவாளத்தில் படுத்தது. சூரிச் ரயில் நின்றுவிட்டது.

"நான் நல்லதுக்குத்தானே வைச்சனான்!" என்று சிவமலர் குழறினாள்.

"கேட்டனீங்களோ அம்மா? எனக்குப் பவுடர் பூசேக்கை ஒருநாளாவது கேட்டனீங்களோ?" என்றாள் யசோதரா. நேரே போய் முகத்தைக் கழுவினாள். தாய் பவுடர் டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

தையில் இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள், மசிக்கா முழு முடியோடும் யசோதரா தன் சொந்த முகத்தோடும். தலைமையாசிரியர் முடிவெட்டுகிறவரை வரவழைத்து வைத்திருந்தார். வெட்டுவதற்கும் தொடத்தானே வேண்டும்! அவர் ஒரு பிடி பிடித்ததும் கூரை ஓடுகள் சடசடவென்று கிளம்பி முற்றத்தில் விழுந்தன. மனிதர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினார்.

அதன்பிறகு பள்ளிக்கூடம் கூரையை உயர்த்திக் கட்டியது, கரும்பலகையையும் மேலே ஏற்றியது. ஊரும் மெல்ல மெல்லக் கேட்கப் பழகியது. மறு வருடம் வந்த புது ஆசிரியை முதல் நாளே, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடாது என்றாள் மசிக்கா. ஆசிரியை கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார்.