சத்தம் தேங்கிய அறை

பொழிச்சலூரில் சவுரிமுத்துவின் வீட்டு முன்னறையில் 1986ஆம் வருஷத்திலிருந்து சத்தம் வெளியே போகாமல் தேங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய சத்தங்கள் எப்படியோ ஜன்னல் வழியாகத் தப்பித்துப் போயின. ஆர்மோனியத்தின் கீழ்க்கட்டை, தபேலாவின் இடதுபக்கத்துக் கும்மென்ற அடி, மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தின் உறுமல் என்று கனத்ததெல்லாம் மூலைகளில் முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரியாது, காலை வைத்தால் தெரியும். சவுரிமுத்துவின் மனைவி செல்வமேரி பெருக்கும்போது துடைப்பம் அங்கே மாட்டிக்கொண்டு கிர்ரென்று அதிரும். முதல் வாரம் பயந்தாள். பிறகு, ஐப்பசியில் சுவரில் ஓதம் ஏறுவதற்குப் பழகின மாதிரி இதற்கும் பழகிவிட்டாள்.

அறையைக் கட்டியவர் பம்மல் பொன்னுரங்கம் மேஸ்திரி. நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் பத்தடி. எந்தப் பக்கம் கயிறு பிடித்தாலும் இம்மி பிசகாது என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தாம்பரம் ரயில்வே பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்த சவுரிமுத்துவுக்குப் பாட்டு என்றால் உயிர். அந்த அறையை அவர் ரெக்கார்டிங் ரூம் ஆக்கினார். இரண்டு டேப் டெக், ஒரு மிக்ஸர், ஒரு நல்ல மைக் சேர்ந்தன. ஸ்பீக்கருக்கு மட்டும், அந்த நாளில் ஏரியாவில் பாட்டுப் பைத்தியம் பிடித்த அத்தனை பேரும் செய்ததையே அவரும் செய்தார். வாய் அகன்ற இரண்டு பானைகளை வாங்கி, மயில்நீலத்தில் பெயிண்ட் அடித்து, வாய்க்கு ஒரு ஸ்பீக்கராக மாட்டி, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு இரு பக்கமும் மூலைக்கு ஒன்றாக உட்கார வைத்தார். பாட்டுப் போட்டால் சமையலறை ஷெல்ஃபில் எவர்சில்வர் தம்ளர்கள் நடந்தன. தெருவே வந்து கேட்டு மெச்சியது.

செல்வமேரி தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் ஆபரேட்டர், ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். 1987 கிறிஸ்துமஸுக்கு அவள் பாடி, அவர் பதிவு செய்து ஒரு கேசட் வந்தது. அறையில் கேட்டபோது குரல் பலாச்சுளையாக இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே கனக்கிறது என்று சவுரிமுத்து பேஸ் திருகை இறக்கினார். அப்படியும் கனத்தது. இன்னும் இறக்கினார். கேசட் அறையைத் தாண்டி மற்ற வீடுகளுக்குப் போனதும், எல்லார் வீட்டு டேப் ரெக்கார்டரிலும் கனமே இல்லாமல் கொசு பாடியது. கோயில் வாசலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நலம் விசாரித்தார்கள். பாடகர் குழுவை நடத்திய ஜீவரத்தினம் வாத்தியார் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் காது சொன்னதை நம்புகிறவர். அவளைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார்.

அன்று சாயந்திரம் முன்னறையில் செல்வமேரி கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மிஷின்ல தப்பு இன்னாங்க?" என்றாள்.

"மிஷின் சரியாத்தான் கீது மேரி. உன் குரலே அப்டித்தான் போல," என்றார் சவுரிமுத்து.

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அந்த வார்த்தை போகவில்லை. கனத்த வார்த்தை அல்லவா, வலது மூலையில் போய்ப் படிந்துகொண்டது. பெருக்கும்போதெல்லாம் செல்வமேரி அதை மிதித்தாள், மிதிக்கும்போதெல்லாம் அது அவர் குரலிலேயே காலுக்கடியில் முனகியது. அவளுக்கு வலித்தது. தாய்வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்த இலவம்பஞ்சு மெத்தைகளை ஒருநாள் சுருட்டிக் கட்டி மூலைகளில் அடைத்து வைத்தாள். இனி மிதிக்க வேண்டியதில்லை. கோயிலில் பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவள், கணவர் வேலைக்குப் போனபின் அந்த அறையில் தனியாகப் பாடினாள். வருஷங்கள் அப்படிப் போயின.

1991 சித்திரையில், எல்லா வீட்டிலும் செய்வதுபோல, மெத்தைகளை மொட்டை மாடியில் காயப்போட நினைத்தாள். தூக்க முடியவில்லை. அம்மிக்கல்லாகக் கனத்தன. சவுரிமுத்து ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்க மாடி ஏற்றி விரித்தார்கள். வெயில் ஏற ஏறப் பஞ்சு குடித்துவைத்திருந்த சத்தத்தைக் கக்க ஆரம்பித்தது. முதலில் போன வருஷத்து விமானம் ஒன்று இறங்கியது. பிறகு கீரைக்காரி கூவினாள். பிறகு, தெரு முழுக்கக் கேட்கும்படி, "உன் குரலே அப்டித்தான் போல" என்றார் சவுரிமுத்து. பக்கத்து மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த சுந்தரவல்லி மாமி கையை நிறுத்தினார். சவுரிமுத்துவுக்கு லுங்கியைத் தூக்கி முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் மெத்தை பாட ஆரம்பித்துவிட்டது. செல்வமேரி தனியாகப் பாடியதெல்லாம், சுவரோ கூரையோ இல்லாத வெளியில், தேன் இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கி வந்தது. கொசுவும் இல்லை, பலாச்சுளையும் இல்லை. அவள் குரல்தான்.

"ஏண்டி மேரி, இந்தக் குரலை வச்சுண்டா பின்னாடி நிக்கறே?" என்றார் மாமி.

சவுரிமுத்து சூடேறிய தளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தப்பு உன்கிட்ட இல்ல மேரி. ரூமுல கீது. நான்தான் பேமானி மாதிரி பேசிட்டேன்," என்றார். செல்வமேரி மெத்தையைத் திருப்பிப் போட்டாள். மூன்று வருஷத்துக்கு மேலாக அடைத்திருந்தது நெஞ்சை விட்டு இறங்கியதில் அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகச் சிரிப்பும் வந்தது.

டிசம்பரில் பங்குக் கோயிலின் வெள்ளி விழா. அதற்கு ஒரு கேசட் போடப்போகிறார்கள், முதல் குரல் வேறொரு பெண் என்று பேச்சு. செல்வமேரி நேரே போய் ஜீவரத்தினம் வாத்தியாரிடம் கேட்டாள். "ஒரே ஒரு பாட்டு பதிவு பண்ணிக் கொண்டாம்மா. என் வீட்டு செட்டுல போட்டுக் கேக்குறேன். அங்க நல்லா இருந்தா நீதான் பாடற," என்றார் அவர்.

அவர்கள் அறையைச் சரிசெய்ய இறங்கினார்கள். பானைகளிலிருந்து ஸ்பீக்கர்கள் கழன்றன, பானைகளில் கறிவேப்பிலை ஏறியது. கழற்றியதைப் பலகைப் பெட்டிகளில் அடைத்து, மூலையை விட்டு விலக்கி, காது உயரத்துக்கு முக்காலி போட்டு வைத்தார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே எவ்வளவு தூரமோ, ஒவ்வொன்றிலிருந்தும் கேட்பவர் தலைக்கும் அதே தூரம் என்று நூல் பிடித்து நாற்காலி போட்டார் சவுரிமுத்து. ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலிருந்து ஸ்பீக்கரை நகர்த்தியதுதான் அவருக்கு மனசாகவில்லை. செல்வமேரி படத்தையே கழற்றி நாற்காலிக்கு மேலே மாட்டி, இனி அவரும் சரியான இடத்தில் இருந்து கேட்கட்டும் என்றாள். பிறகு பவுடர் பூசுகிற கண்ணாடியைச் சுவரோடு சுவராக அவள் நகர்த்த, நாற்காலியில் இருந்தவர் கண்ணுக்கு எங்கெல்லாம் அதில் ஸ்பீக்கர் தெரிந்ததோ, அங்கேதான் சத்தம் மோதித் திரும்புகிறது என்று தேங்காய்நார் அடைத்த கோணியைத் தொங்கவிட்டார்கள். மெத்தைகள் மூலைக்குத் திரும்பின.

அப்படியும் சத்தம் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே டப்பாவில் போட்ட கோலி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருப்பதுதான் வினை. பொன்னுரங்கம் மேஸ்திரியைக் கூப்பிட்டு, பின்சுவருக்கு முன்னால் சாய்வாக ஒரு சுவர் எழுப்பச் சொன்னாள் செல்வமேரி.

"இன்னாமா, கோணலா கட்ட சொல்றியே. வெளிய தெரிஞ்சா எவன் கூப்புடுவான் என்னை?" என்றார் மேஸ்திரி.

"யாருக்கும் சொல்ல மாட்டோம்ணா," என்றாள் அவள்.

வாழ்நாளில் முதல்முறையாக வேண்டுமென்றே ஒரு கோணல் சுவரைக் கட்டினார் அவர், நேர் பார்க்கிற தூக்குக்குண்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு. பூச்சு காய்ந்த அன்று மூலைகளில் கிடந்த சத்தமெல்லாம் எழுந்து, வாசல் வழியாக வரிசையாக வெளியேறியது. எதிர்வீட்டு நாய் வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

பாட்டைப் பதிவு செய்து, பம்மலில் ஜீவரத்தினம் வாத்தியார் வீட்டுக்கு இருவரும் கொண்டுபோனார்கள். அவர் மச்சினர் துபாயிலிருந்து கொண்டுவந்த செட்டில் கேசட் ஏறியது. முதல் வரி வந்தபோது, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில், செல்வமேரி நின்று பாடிக்கொண்டிருந்தாள். பதிவு செய்த அன்று கட்டியிருந்த அதே அரக்குப் புடவை, நெற்றியில் அதே வேர்வை. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த செல்வமேரி அவளைப் பார்த்தாள். நான் இப்படித்தான் பாடுகிறேன் என்று நினைத்தாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. வாத்தியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, நிற்கிறவளுக்குத் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு, உட்கார்ந்திருந்தவளிடம், "ஞாயித்துக்கிழமை முன்வரிசைக்கு வந்துடும்மா," என்றார்.

வெள்ளி விழா கேசட் பொத்தேரி ஹாஸ்டல்கள் வரை போனது. எந்த வீட்டில் போட்டாலும் நடுவில் செல்வமேரி வந்து நின்றாள். ஜனங்கள் அதற்காக நாற்காலி மேசையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள், குறுக்கே போகிறவர்களைச் சுற்றிப் போகச் சொன்னார்கள். கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டம்மா நீண்ட நேரம் பாடுகிறாளே என்று அந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். பாட்டு முடிந்தபோது சொம்பு காலியாக இருந்தது. செய்தி பரவி, மற்ற வீடுகளிலும் வைத்தார்கள். அதற்குப் பிந்திய வருஷங்களில், கிறிஸ்துமஸ் மாதம் முழுக்க, தாம்பரம் எக்ஸ்சேஞ்சில் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கும் செல்வமேரிக்குத் தாகமே எடுத்ததில்லை.