வரேன்க்கா

புயல் சாயங்காலம் கரையைக் கடக்கும் என்று ரேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. வெல்டர் மத்தியானமே பட்டறையைப் பூட்டிவிட்டு, கடலோரம் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தான். வெறுங்கையோடு போகவில்லை. ரொட்டி, மெழுகுவத்தி, ஒரு குடம் தண்ணீர் எல்லாம் கொண்டுபோய் வைத்தான், மகராசன்! அம்மா செத்த பிறகு இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். ஐஸ் ஃபேக்டரியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள். அவளை மட்டும் கூட்டிவரவில்லை.

கூட்டிவரக் கூடாது என்று பெண்டாட்டி காலையிலேயே சொல்லியிருந்தாள். "புயலுக்குன்னு வருவாங்க. புயல் போயிடும், அவங்க போவாங்களா? படுக்கையிலயே எல்லாத்தையும் நான்தான் பாக்கணும்."

இதை அக்காவிடம் எந்த வாயால் சொல்வது? வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "சரிக்கா, வரேன்" என்று நழுவிவிட்டான். புறப்படுகிறவன் எவன் 'போறேன்' என்று சொல்கிறான்? எல்லாரும் 'வரேன்' என்றுதான் சொல்கிறார்கள். பாவி மகள், அதை அப்படியே நம்பிவிட்டாள்.

காற்று ஏறத் தொடங்கியபோது போன் வந்தது. வீடு வீடாக ஆட்களை ஏற்றிப் புயல் முகாமுக்குக் கொண்டுபோகும் வேன் டிரைவர்.

"சார், உங்க அக்கா ஏற மாட்டேங்கறாங்க. தம்பி வரேன்னு சொல்லியிருக்கான், வந்து பாத்து நான் இல்லன்னா பதறிடுவான்ங்கறாங்க. வரீங்கதானே? இனிமே இந்தத் தெருவுக்கு வண்டி வராது."

வெல்டருக்கு அக்கா வீட்டுக் கூரைதான் ஞாபகம் வந்தது. அவள் தலைக்கு மேலிருக்கும் தகரக் கூரையைப் போட்டவனே அவன்தான். இரும்புச் சட்டத்தை அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி தொட்டுவிட்டு, முழுசாக இன்னொரு நாள் பற்றவைக்கலாம் என்று விட்ட வேலை. சொந்த அக்கா வீடுதானே, யார் கேட்கப் போகிறார்கள்! இந்தக் காற்றுக்கு அது நிற்காது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் வரவில்லை, அவளைத் தூக்கி வண்டியில் போடுங்கள் என்றால் முடிந்தது.

ஆனால் வேனுக்குள் ஒரு தெருவே உட்கார்ந்திருக்கிறது. கூடப்பிறந்தவளைக் கைவிட்டான் என்று நாளைக்குப் பட்டறை வாசலிலேயே பேசுவார்கள். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் போனைப் பிடுங்கினாள்.

"கிளம்பிட்டாருங்க. நீங்க போங்க."

கிளம்பத்தான் செய்தான். சட்டை போட்டான், பைக் சாவியை எடுத்தான், செருப்பைத் தேடினான். ரொம்ப நேரம் தேடினான். அதற்குள் தெருமுனை மரம் முறிந்து விழுந்து கரண்ட் போய்விட்டது.

மறுபடி போன். இந்த முறை அக்கா. அவள் குரலுக்குப் பின்னால் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எங்கடா இருக்க? வழியிலயா?"

"ஆமாக்கா."

"ஐயோ, திரும்பிப் போடா! இந்தக் காத்துல உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? இங்க வேன் நிக்குது, நான் அதுல போயிக்கறேன். வீட்டுக்குப் போயி எனக்கு ஒரு போன் பண்ணு."

வேன் போய்விட்டது என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"சரிக்கா" என்றான்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "அவளே வேணாம்னுட்டா" என்று பெண்டாட்டியிடம் சொன்னபோது மனசு லேசாகிவிட்டது. வெட்கம்கெட்ட வயிறு, பசிகூட எடுத்தது. வழியிலிருந்து வீடு திரும்ப எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கழித்து, அக்காவுக்குப் போன் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான்.

"தூங்கியிருப்பாங்க, வந்து சாப்பிடுங்க" என்றாள் பெண்டாட்டி.

அவன் போய் உட்கார்ந்தான்.