ரெஜினா மாட்டிய சாக்கெட்

ஆதிகேசவன் வயிற்றில் ஒரு சேதி தங்காது. காலையில் அவன் காதில் விழுந்தது மதியத்துக்குள் விவேக் நகர் முழுக்கத் தெரிந்திருக்கும். மற்றபடி தங்கமான மனுஷன். கம்பெனி ஆட்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் சாயங்காலம் வீட்டில் விடுகிற வேலை. சொந்த வண்டி, வெள்ளை நிறம், வாங்கிப் பதினோரு மாதம். அதை அவன் தினமும் துடைக்கிற அழகைப் பார்த்து அவன் மனைவி சரசு பெருமூச்சு விடுவாள்.

அந்த வண்டிக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரே மாதத்தில் பக்கத்துத் தெருக்களில் அதே மாதிரி இரண்டு வெள்ளை வண்டிகள் காணாமல் போயின. சாவி வீட்டு ஆணியில் தொங்குகிறது, வண்டி மட்டும் இல்லை! அது எப்படி நடக்கிறதென்று சக டிரைவர் அர்ஜுனன்தான் விளக்கினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கமாக ஒரு சாக்கெட் இருக்கும். மெக்கானிக் தன் மிஷினை அதில் செருகித்தான் வண்டிக்கு என்ன கோளாறு என்று பார்ப்பார். திருடனும் கண்ணாடியை உடைத்து அதே சாக்கெட்டில் ஒரு மிஷினைச் செருகுகிறான். புதுச் சாவி ஒன்றை வண்டிக்குப் பழக்கிவிட்டு, ஐந்தே நிமிஷத்தில் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

ஆதிகேசவன் ஓடிப்போய் சாக்கெட்டுக்கு மேல் மாட்டுகிற இரும்பு மூடி ஒன்றைப் பூட்டோடு வாங்கி வந்தான். மாட்டப் பார்த்தால் இடமில்லை. அங்கே ஏற்கெனவே கம்பெனி கொடுத்த டிராக்கர் உட்கார்ந்திருந்தது. வண்டி எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற சின்ன சாமான். அதைப் பிடுங்கினால் அடுத்த நாளே டிரிப் கிடையாது. பிடுங்காவிட்டால் பூட்டு போட முடியாது. வேலையைப் பார்ப்பதா, வண்டியைப் பார்ப்பதா? என்னடா இது அநியாயம்!

"தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்தா ஆச்சா? ரெஜினாகிட்ட போலாம் வாங்க," என்றாள் சரசு.

ரெஜினா, குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் கார் வயரிங் கடை வைத்திருப்பவள். அன்றைக்கு வியாழக்கிழமை. சரசு வாராவாரம் அந்தக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். கும்பிட்டுவிட்டு அவளும் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

ரெஜினா இரும்பு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு ஸ்க்ரூ கழட்டினா இது கையோட வந்துடும் அண்ணா. மூடி வேணாம். சாக்கெட்டையே அங்கேருந்து எடுத்து வேற எடத்துல ஒளிச்சுடலாம்."

"அப்போ டிராக்கர் என்னாவும்மா?"

"லைன ரெண்டா பிரிக்கிறேன். ஒண்ணு டிராக்கருக்கு, இன்னொண்ணு மெக்கானிக்குக்கு. ஆனா ரெண்டு மிஷினும் ஒரே நேரத்துல கேள்வி கேட்டா எல்லாம் கொழம்பிடும். அதனால நடுவுல ஒரு சுவிட்ச். இவரு பேசறப்போ அவரு கம்முனு இருக்கணும்."

சும்மா சொல்லக்கூடாது, வேலை என்றால் அதுதான் வேலை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையைப் பெடலுக்குப் பக்கத்தில் நுழைத்து, ரெஜினா ஒவ்வொரு வயராகப் பிரித்தாள். வெறுமனே முறுக்கி டேப் ஒட்டுகிற ஜாதி இல்லை அவள். ஒவ்வொன்றையும் பற்றவைத்து, இழுத்துப் பார்த்து, உறை போட்டு, ஓடும்போது சத்தம் வராமல் துணி டேப்பால் சுற்றினாள். ஆதிகேசவன் அசந்துபோய் நின்றான். நின்றவன் சும்மாவும் நிற்கவில்லை. அர்ஜுனன் மச்சானின் வேலை போன கதையிலிருந்து எதிர்வீட்டுக் கல்யாணம் நின்றுபோன கதை வரை ஒன்று விடாமல் சொன்னான்.

ரெஜினா டார்ச்சை வாயிலிருந்து எடுத்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணா, அய்யங்கார் பேக்கரியில சூடா காரா பன் வாங்கிட்டு வரீங்களா?"

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பன் வாங்கி வருவதற்குள் அரை மணி ஆகிவிட்டது. வந்தபோது எல்லாம் மூடியாகிவிட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பழைய இடத்தில் ஒரு சாக்கெட் இருந்தது. "இது பொம்மை. பின்னாடி வயரே கெடையாது. டிராக்கர உள்ள மறைச்சு மாட்டிட்டேன்," என்றாள் ரெஜினா. பிறகு பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருக்கிற குளோவ் பாக்ஸைத் திறந்து, உள்ளே ஒரு கறுப்பு மூடியைத் தள்ளி இன்னொரு சாக்கெட்டைக் காட்டினாள். "இத யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணா."

"சரசு மேல சத்தியம்!" என்று அவள் தலையில் அடிக்கக் கையை நீட்டினான். சரசு தலையை நகர்த்திக்கொண்டாள்.

ஒரு ராத்திரி தாங்கினான். அவனுக்கு அதுவே சாதனை. மறுநாள் காலையில் கம்பெனி கேட்டுக்கு வெளியே டிரைவர்கள் நிற்கிற இடத்தில் அர்ஜுனனைக் கூப்பிட்டுக் குளோவ் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டான். பெருமை தனக்கென்று கேட்கவில்லை, பாவம். "ரெஜினா கை வெச்சா எப்படி இருக்குது பாரு!" என்பதுதான் பேச்சு.

"சக்கத் வேலை குரு!" என்று கன்னடம் கலந்து மெச்சினான் அர்ஜுனன். அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை இவனுக்கு. அடுத்த வாரத்துக்குள் முன்பின் தெரியாத டிரைவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். ஒருத்தன் வீடியோ எடுத்து டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். அதில் ஆதிகேசவன் தலையை வாரிக்கொண்டு வந்து நின்று விளக்கம் வேறு கொடுத்திருந்தான்.

பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குக் கறிக்கடை வரிசையில் நின்றிருந்தான். தெருக்கோடியிலிருந்து ஒரு ஹார்ன் விடாமல் அலறியது. பெற்ற பிள்ளையின் அழுகை தெரியாதா? அது அவன் வண்டி. பையைப் போட்டுவிட்டு ஓடினான்.

கண்ணாடி சுக்கல். கதவு திறந்து கிடந்தது. இரண்டு பேர் ஸ்கூட்டரில் தப்பியோடினார்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அப்பாடா என்று உள்ளே தலையை நீட்டினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பொம்மையை எவனும் தொடவே இல்லை. நேரே குளோவ் பாக்ஸைத் திறந்து, கறுப்பு மூடியைப் பெயர்த்து, மிஷினைச் செருகியிருந்தார்கள். அது இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது? வேறு யார்! ஆதிகேசவன் நடைபாதையில் உட்கார்ந்து வாயிலேயே அடித்துக்கொண்டான்.

கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து அந்தப் பக்கமாக வந்த ரெஜினா, பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து மிஷினைப் பிடுங்கினாள். ஹார்ன் நின்றது.

"நான்தாம்மா பாவி. எல்லாருக்கும் காட்டிட்டேன்," என்று அழுதான்.

"தெரியும் அண்ணா. வீடியோ எனக்கும் வந்துச்சு. நல்லாத்தான் பேசியிருக்கீங்க."

"அப்போ வண்டி எப்படிம்மா தப்பிச்சுது?"

"அதுவும் பொம்மைதான். சொருகினா ஹார்ன் அடிக்கும், அவ்ளோதான்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "அப்போ நெஜ சாக்கெட்டு?"

"சரசு அக்காக்குத் தெரியும். நீங்க பன் வாங்கப் போனப்போ காட்டினேன். கோவிச்சுக்காதீங்க. வண்டில ரெண்டு ஓட்டை இருந்துச்சு, ஒண்ணு சாக்கெட்டு, இன்னொண்ணு உங்க வாய். ரெண்டாவத அடைக்க என் கடைல சாமான் இல்ல."

சுருக்கென்று தைத்தது. கோபம்கூட வந்தது. ஆனால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. அடேயப்பா! அரை மணி நேரத்தில் வண்டியை மட்டுமா பார்த்தாள், அவனையும் அல்லவா பிரித்துப் பார்த்து அதற்குத் தகுந்தபடி வயர் இழுத்திருக்கிறாள். சரசுவும் சரசுதான். பதினேழு நாள் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடவில்லையே!

கறி வாங்காததால் மதியம் ரசம்தான். "என்கிட்ட மட்டும் சொல்லேன் சரசு," என்று கெஞ்சினான்.

"அப்பளம் வேணுமா?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் அத்தனை டிரைவர்களும் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். அர்ஜுனன் முதல் ஆளாக முண்டிக்கொண்டு வந்தான். "அப்போ நெஜமா எங்கதான் குரு இருக்குது?"

ஆதிகேசவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"எனக்கே தெரியாதுய்யா! என் வண்டி, எனக்கே தெரியாது. ரெஜினா வேலைன்னா அப்படி!"

அன்று மத்தியானத்துக்குள் அதுவும் விவேக் நகர் முழுக்கத் தெரிந்துபோனது. அதற்கப்புறம் அந்த வண்டியை யாரும் தொடவில்லை.