கருவாட்டுச் சுவர்

மகளின் தையல் அறைக்குள் ஒன்பது பூனைகளைக் குடியேற்றியவர் கனிசியஸ்தான். அதை அவர் ஒருபோதும் மறுக்கவில்லை. எண்ணிக்கையில்தான் தகராறு. மனைவி ஸ்ரெல்லா பதினொன்று என்றாள். கனிசியஸ் ஒன்பதிலேயே நின்றார். தன் பிழையை ஒப்புக்கொள்கிற மனிதனுக்கு இரண்டு பூனைகளாவது தள்ளுபடி கிடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

குருநகரில் கடலுக்கு இருநூறு யார் தூரம் தள்ளி அவருடைய வீடு. வீட்டோடு ஒட்டாமல் ஒரு கராஜ். நாலு பக்கமும் கொங்கிறீற் சுவர், மேலே தகரம். முன்பு அதில் அவருடைய மீன் லொறி நின்றது. முதுகு மறுத்ததும் லொறியை விற்றார். வெறுமையாய்க் கிடந்த கராஜில் மகள் ஜெசிதா தையல் மெசினைக் கொண்டுபோய் வைத்தாள். அவள் தைப்பது கல்யாண உடுப்பு மட்டும். கோயிலில் பின்னால் நாலு முழம் இழுபட வரும் வெள்ளை உடுப்பு. பாசையூர், நாவாந்துறை, இளவாலை என்று எங்கிருந்தெல்லாமோ பெண்கள் தாய்மாரோடு வந்தார்கள்.

போன மாரி மழையில் கராஜ் சுவர் வியர்த்தது. சுவரோரம் கொழுவியிருந்த மணப்பெண் தலையில் போடும் ஒரு வெள்ளை நெற்றில், கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்க, மிளகு தூவினமாதிரிக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. ஜெசிதா புதிது தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் ‘வத்தளை’ என்ற சொல் நடமாடத் தொடங்கியது. கொழும்புப் பக்கம், வத்தளையில், அவளோடு படித்த ஒருத்தி கடை வைத்திருந்தாள். மேல்மாடி சும்மா கிடக்கிறது, வா, சேர்ந்து செய்வோம் என்று கேட்டிருந்தாள். கிறிஸ்து பிறக்கும் நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கோயிலில் கல்யாணம் இல்லை, தையலும் ஓய்ந்துவிடும். அதற்குள் பதில் சொல்லவேண்டும்.

கனிசியஸ் இதைப் பற்றி மகளோடு கதைக்கவில்லை. சுவரோடு கதைத்தார். ஈரத்தை நிறுத்தினால் வத்தளையும் நின்றுவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு. முப்பத்தைந்து வருஷம் ஒரு பாரை மீனைக்கூடப் பழுதாக விடாமல் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன், ஒரு சட்டையைக் காப்பாற்ற மாட்டேனோ என்று இறங்குதுறையில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். இறங்குதுறையில் தலையாட்டுவதற்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

லொறிப் பெட்டிக்குள் குளிர் நின்றது, தகரத்துக்கு உள்ளே வைத்த ரெஜிபோமினால். அதே வெள்ளைப் பஞ்சுப் பலகையில் செய்த மீன் பெட்டிகள் இறங்குதுறையில் உடைந்து கிடந்தன, கேட்பாரில்லை. கனிசியஸ் பொறுக்கினார். சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேசிக்காய் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, சதுரம் சதுரமாக வெட்டிச் சுவரெல்லாம் ஒட்டினார். மேலே பொலித்தீனை இழுத்து மூடினார். முடிந்தபோது கராஜ் பனி விழுந்த தேசம்போல இருந்தது. ஜெசிதா பார்த்து, “வடிவாக் கிடக்கு, அப்பா,” என்றாள். பல்லுக்கிடையில் குண்டூசி இருந்ததால் அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். கனிசியஸ் ஏதாவது கேட்கப் போகும் நேரங்களில் ஏழெட்டு இருப்பதுபோலத் தோன்றும்.

ஓகஸ்ட் வெயிலில் தகரம் காய்ந்தது. தகரத்தின் கீழே ரெஜிபோமும் சூடேறி, தான் சுமந்த மீன்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தியது. முதல் நாள் சூரை. இரண்டாம் நாள் திருக்கை. மூன்றாம் நாள் குருநகரில் வீடில்லாத பூனை ஒன்றுமில்லை, எல்லாவற்றுக்கும் கராஜ் கிடைத்துவிட்டது. பாசையூர்ப் பெண் ஒருத்தி பாதி குண்டூசியும் பாதி தையலுமான உடுப்பில் அளவு பார்த்துக்கொண்டு நிற்க, பொலித்தீனைப் பிறாண்டி ஏறிய ஒரு கடுவன் பூனை, பிடி தவறி, அவளுடைய இழுவைத் துணிக்குள் விழுந்து, வெளியே வரும் வழி தெரியாமல் அங்குமிங்கும் ஓடியது. பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. இது தையல் கடையோ மீன் சந்தையோ என்று கேட்டாள். சந்தையில் இவ்வளவு பூனை இல்லை என்று சொல்லக் கனிசியஸின் வாய் உன்னியது. ஸ்ரெல்லா பார்த்த பார்வையில் உன்னியது திரும்பப் போய்விட்டது.

பிற்பகல் முழுக்க ரெஜிபோமைப் பிடுங்கினார். பிடுங்கப் பிடுங்க, பின்னால் சுவர் தண்ணீராய் வழிந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. லொறிப் பெட்டியின் வேலை உள்ளே இருப்பதை வெளியே விடாமல் வைத்திருப்பது. அவர் ஈரத்தைத் துரத்தவில்லை, குளிர் பெட்டியில் மீனை அடைத்ததுபோல அதை வைத்துப் பூட்டியிருந்தார்.

பிறகு றஜிந்தனைக் கூப்பிட்டார். அரியாலை மேசன். நாற்பது வயது வராதவன், நல்ல கை, ஆனால் எதைக் கேட்டாலும் நேரே பதில் வராது. சுவர் காயுமோ என்று கேட்டால், “பாப்பம், அண்ணை” என்பான். எத்தனை நாள் செல்லும் என்றால், மழையைப் பொறுத்தது என்பான். முதல் நாள் வந்து, ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டிச் சுவரில் பதித்தான். மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது துண்டின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். காற்றில் இருந்து வருகிற ஈரம் என்றால் அறைப் பக்கம் நின்றிருக்கும், இது சுவருக்குள் இருந்து வருகிறது என்று சொன்னான். பிறகு சுவரில் பூத்திருந்த வெள்ளைத் தூளைச் சுண்டுவிரலால் தொட்டு, நாக்கில் வைத்து, வெளியே போய்த் துப்பினான். என்ன என்று கனிசியஸ் கேட்டார். ஒண்டுமில்லை, பாப்பம் என்றான்.

அவன் போனதும் கனிசியஸ் கதவைச் சாத்திவிட்டுத் தானும் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தார். விரல் போதவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு சுவரையே நக்கினார்.

கருவாடு.

சுவர் வார்த்தது 2002இல். சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, சீமெந்து தாராளமாய் வந்த வருஷம். ஷெல் விழுந்தாலும் நிற்கவேண்டும் என்று கல் வைக்காமல் ஒன்பது அங்குலக் கொங்கிறீற்றாகவே வார்க்கச் சொன்னார். நல்ல மண்ணுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. சொந்த லொறி இருந்தது, கடற்கரை பக்கத்தில் இருந்தது. தானே அள்ளிக் கொண்டுவந்து கொட்டினார். வார்த்த மேசன் றஜிந்தனின் தகப்பன். மண்ணை நல்ல தண்ணீரில் அலசிப் போடுவோம் என்று அந்த மனிதர் இரண்டு தரம் சொன்னார். உப்பிலை வளர்ந்த எங்களை உப்பு என்ன செய்யும் என்று கனிசியஸ் கேட்டார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. நல்ல பகிடி என்றுதான் இதுவரை வைத்திருந்தார்.

உப்பு ஏறிய கருவாட்டை எவ்வளவுதான் வெயிலில் காயப்போட்டாலும், கார்த்திகை பிறந்தால் அது காற்றில் இருக்கும் தண்ணீரைக் குடித்துச் சொதசொதக்கும். குருநகரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும் இது. சுவரும் அதையே செய்தது. இருபது வருஷத்துக்கு மேல் லொறிக்குக் கருவாட்டில் வீடு கட்டி வைத்திருந்தார், லொறி முறைப்பாடு செய்யவில்லை.

அடுத்த நாள் றஜிந்தன் வந்ததும் கேட்டார்.

“உது கடல் மண்ணாலைதானே? நேற்றே உனக்குத் தெரியும்.”

“முதல் நாளே தெரியும், அண்ணை. அப்பா சொல்லியிருக்கிறார்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

றஜிந்தன் சாந்துக் கரண்டியின் விளிம்பைத் துடைத்தான். “உங்கடை சுவரைப் பற்றி உங்களுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

சுவர் இனிக் காயுமோ என்ற கேள்விக்கு அன்றும் ‘பாப்பம்’தான். ஆனால் வேலை நடந்தது. வெளியே அத்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவரின் அடியைச் சுரண்டி, காயவிட்டு, தார் பூசி, பள்ளத்தைச் சல்லிக்கல்லால் நிரப்பினார்கள். தகரத்து மழை நேரே சுவரடியில் விழாமல் பீலி போட்டு ஒரு மூலைக்குத் திருப்பினார்கள். உள்ளே உப்பைத் தண்ணீர் படாமல் தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளினார்கள். பிறகு சுவரைத் தொடாமல், நாலு விரல் இடைவெளி விட்டு, சட்டம் அடித்துச் சீமெந்துப் பலகை பொருத்தினான் றஜிந்தன். பலகையின் முதுகில் கடையில் வாங்கிய புது ரெஜிபோம். கீழும் மேலும் காற்றுப் போய்வரத் துவாரம், அதற்குப் பூனை நுழையாத கம்பிவலை. கம்பிவலை ஸ்ரெல்லாவின் கட்டளை.

இடைவெளியைப் பார்க்கக் கனிசியஸுக்கு மனம் கேட்கவில்லை. ஒட்ட வைத்தால் அறை பெரிதாய் இருக்குமே என்றார். ஒட்டினால் பலகையும் பழுது, சுவரும் பழுது, தள்ளி நின்றால் சுவர் தன் பாட்டில் கிடக்கும் என்றான் றஜிந்தன். அவனிடம் இருந்து வந்த ஆக நீளமான பதில் அதுதான்.

நவம்பரில் மழை இறங்கியது. மூன்று கிழமை விடாமல் பெய்தது. கனிசியஸ் ஒரு வெள்ளைத் துணித்துண்டைப் பலகையில் கொழுவி, காலையும் மாலையும் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கோயிலுக்குப் போகிற ஒழுங்கில் போனார். புள்ளி விழவில்லை. பொலித்தீன் துண்டு ஒட்டிப் பார்த்தார், இரண்டு பக்கமும் காய்ந்து கிடந்தது. முதல் தரமாக அந்த அறைக்குள் துணியும் மெசின் எண்ணெயும் மட்டுமே மணத்தன.

ஒவ்வொரு தரமும் மகளிடம் கேட்டார். அறை எப்படி என்று கேட்டார். நல்லம் என்றாள். வெக்கை இருக்கோ என்று கேட்டார். இல்லை என்றாள். ஒருநாள், இனிப் பத்துப் பெண்கள் வந்தாலும் இடம் காணும், என்ன என்று கேட்டார். “ம்,” என்றாள், குண்டூசியோடு. போய் ஸ்ரெல்லாவிடம் கேட்டார், பிள்ளை என்ன சொல்கிறாள் என்று. ஸ்ரெல்லா முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“மூண்டு மாசமாச் சுவரோடை கதைக்கிறியள். ஒருக்காப் பிள்ளையோடையும் கதையுங்கோவன்.”

திருவருகைக் காலத்துக்கு முந்தின சனிக்கிழமை, கடைசிக் கல்யாண உடுப்பும் போய்விட்டது. ஜெசிதா வெட்டுத்துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். வெளியே பீலியில் தண்ணீர் ஓடும் சத்தம், ஒழுங்காக, மூலைக்கு. கனிசியஸ் வாசலில் நின்று பலகையைத் தட்டிப் பார்த்தார். கதவை ஒருமுறை திறந்து மூடினார். கொண்டியில் ஒரு குறையும் இல்லை. வேறு பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

“பிள்ளை.”

“ம்.”

“நான் சுவரைப் பற்றிக் கேக்கேல்லை.”

அவள் நிமிர்ந்தாள்.

“நீ நிக்கிறியோ, போறியோ? பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதை. எனக்கு உந்தச் சொல்லு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு.”

ஜெசிதா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்து எடுத்து மெசின் பக்கத்துப் பஞ்சுருண்டையில் குத்தினாள். நாலாவதுதான் கடைசி. கனிசியஸ் எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு இருக்கும் என்று நினைத்திருந்தார்.

“போறன், அப்பா,” என்றாள். “நத்தார் முடியப் போறன். சுவர் காய்ஞ்சாலும் போறன், காயாட்டிலும் போறன்.”